கோழிக்கும் எனக்கும் ஆகாது

அம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கோழியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா வச்சுக்கிறீங்களா? நாத்தம்லாம் ஒண்ணும் இல்ல. பையை விட்டுத் தலையை வெளிய நீட்டிக்கிட்டு அது என்னையே முறைக்குது. எனக்கும் கோழிக்கும் ஆகாது. முன்னாடில்லாம் ஆகும். குழம்பு வச்சா நானும் நாலு துண்டு போட்டுக்குவேன். போன மாசத்துல இருந்துதான் ஆகாது.

மாப்பிள்ளை வந்திருக்காரா? அதான பாத்தேன், நாட்டுக்கோழி. நல்லா இருக்கட்டும். நான் கல்வி அலுவலகம் ஸ்டாப்புல இறங்கணும். பேச்சுல மறந்துட்டேன்னா ஞாபகப்படுத்துங்க. மத்தியானத்துக்குள்ள இந்தக் கவரைப் பெரிய அதிகாரி மேசையில கொண்டுபோய் வைக்கணும். வைக்கலைன்னா என் நல்லாசிரியர் விருது அவ்வளவுதான். இந்த வருஷம் எனக்குத்தான்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பட்டுச்சேலை கூட எடுத்து வச்சுட்டேன். மயில் கழுத்துக் கலரு.

என்னைத் தெரியலையா? நத்தக்குளம் நடுநிலைப்பள்ளி ஹெச்.எம். தனபாக்கியம். அப்போ நீங்க அந்த வீடியோவைப் பாக்கல. நல்லதாப் போச்சு. மேடையில நாலு பெரிய மனுசங்க கோழி மாதிரி நடப்பாங்களே, அது. அதுல ஓரமா ஒரு பொம்பளை மைக்கைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிப்பா பாருங்க, அது நான்தான். வாயைப் பொத்திக்கிட்டு இருப்பேன். எல்லாரும் நான் சிரிக்கிறேன்னு நெனைச்சாங்க. அழுதேங்க. சத்தியமா அழுதேன்.

நடந்ததைச் சொல்றேன், நீங்களே சொல்லுங்க, என் மேல என்ன தப்புன்னு.

மேல இருந்து உத்தரவு வந்துச்சு. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் 'விஞ்ஞானியிடம் கேளுங்கள்'னு ஒரு நிகழ்ச்சி நடத்தணும். புள்ளைங்க கேள்வி கேக்கணும், நிபுணருங்க பதில் சொல்லணும். புள்ளைங்களுக்கு ஆர்வம் பொங்கணும். அப்படித்தான் போட்டிருந்துச்சு, ஆர்வம் பொங்கணும்னு. நான் ஒண்ணும் கேள்விக்கு விரோதி இல்லைங்க. ஆனா பெரிய அதிகாரி தலைமை தாங்குற நிகழ்ச்சியில எதுவும் தானா பொங்கக் கூடாது. சரியான நேரத்துக்கு நாமதான் அடுப்பைப் பத்த வைக்கணும். முப்பது வருஷ அனுபவம்.

அதனால எல்லாத்தையும் நானே எழுதினேன். கேள்வியும் நான், பதிலும் நான். கேள்வியைப் புள்ளைங்களுக்கு மனப்பாடம் பண்ண வச்சாச்சு. பதிலை அழகா டைப் அடிச்சு, ஆளுக்கொரு ஃபைல்ல போட்டு, அவங்கவங்க நாற்காலி முன்னால வச்சாச்சு. எங்க கைதட்டணும்னு கூட ஒத்திகை பாத்தாச்சு. பதில் முடிஞ்சதும் நான் மூக்குக்கண்ணாடியைக் கழட்டுவேன், உடனே தட்டணும். இதை விட ஒரு மனுசி என்ன செய்ய முடியும்?

நிபுணருங்களுக்கா பஞ்சம்? எங்க ஆரம்ப சுகாதார நிலையத்துப் பல் டாக்டர் அருள்நேசன். சின்னப் பையன், மேடையே ஏறினதில்ல. மின்வாரியத்துல இருந்து இஞ்சினியர் சுடலைமுத்து. காலேஜ்ல இருந்து பௌதீகப் பேராசிரியர் மீனாட்சிநாதன். அப்புறம் மாட்டு டாக்டர் பிச்சுமணி. நாலு பேரு. அதிகாரிக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. பாக்க எவ்வளவு லட்சணமா இருக்கும்!

ஒத்திகையில ஒரே ஒரு பொண்ணுதான் இடக்குப் பண்ணுச்சு. பேச்சிப்பிரியா. ஏழாங்கிளாஸ். அறிவியல் மன்றத் தலைவி வேற. நான்தான் ஆக்கினேன், என் தலையெழுத்து. அவளுக்கு நான் குடுத்த கேள்வி, 'ஐயா, மழை எவ்வாறு உண்டாகிறது?' எவ்வளவு நல்ல கேள்வி! அவ என்னைப் பாத்து, "அது எனக்குத் தெரியுமே டீச்சர். தெரிஞ்சதை எதுக்குக் கேக்கணும்?"ங்குறா.

"அடியே, அதிகாரி வர்ற அன்னைக்குத் தெரிஞ்சதைத்தான் கேக்கணும்"னேன்.

"அப்போ தெரியாததை என்னைக்குக் கேக்குறது?"

பாத்தீங்களா பேச்சை? நிகழ்ச்சி முடியட்டும், தனியா வந்து கேளுன்னு சொல்லிட்டேன். இப்படித்தான் சொல்றது வழக்கம். எந்தப் புள்ளையும் வந்ததில்ல.

நிகழ்ச்சி அன்னைக்குக் காலையில முதல் அடி மாட்டு டாக்டர். வர்ற வழியில யாரோ வீட்டுப் பசு கன்னு போட முடியாமத் தவிக்குதுன்னு இறங்கிட்டாராம். அவரு நாற்காலி அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலி. அது காலியா இருக்கலாமா? இருக்கக் கூடாது. உடனே பல் டாக்டரை அதுக்கு நகர்த்தினேன். இப்போ ஓரத்துல பல் டாக்டரோட நாற்காலி காலி. போட்டோ எடுத்தா ஒரு பக்கம் பல்லு விழுந்த மாதிரி தெரியாது? அதனால போட்டோவுல விழாத அந்தக் கடைசியில இருந்த இஞ்சினியரை இந்தக் கடைசிக்குக் கொண்டுவந்தேன். ஆளுங்களை நகர்த்தினேனே, ஃபைலை நகர்த்தலைங்க. யாருக்குத் தோணும்? மாலை வேற ஒண்ணு குறையுது.

முதல் புள்ளை எந்திரிச்சு, "ஐயா, பல் ஏன் சொத்தையாகிறது?"ன்னான். கணீர்னு கேட்டான். பல் டாக்டர் ஃபைலைத் திறந்தாரு. "நல்ல கேள்வி. பசுவின் இரைப்பையில் நான்கு அறைகள் இருப்பதே இதற்குக் காரணம்"னு வாசிச்சாரு. நான் கண்ணாடியைக் கழட்டினேன். கைதட்டல்னா கைதட்டல், அப்படி ஒரு கைதட்டல்.

ரெண்டாவது புள்ளை, "ஐயா, மின்னல் அடிக்கும்போது மரத்தடியில் ஏன் நிற்கக் கூடாது?" இஞ்சினியர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "இரவில் இனிப்பைத் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுப்பதே காரணம்"னாரு. அதுக்கும் கைதட்டல். பேராசிரியர் ஒருத்தர்தான் இடம் மாறல. அவரு வானவில் பத்திச் சரியா வாசிச்சாரு. அதுக்குத்தான் யாரும் தட்டல. நீளமா போச்சா, நான் கண்ணாடியைக் கழட்ட மறந்துட்டேன்.

சிரிக்காதீங்க. அதிகாரி அந்நேரம் செல்போனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. சத்தம் கேட்டா தலையை ஆட்டுவாரு. அதனால அது வரைக்கும் நிகழ்ச்சி நல்லாத்தான் போச்சு. அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். அது வரைக்கும் ஒரு குறை கிடையாது.

அப்புறம் பேச்சிப்பிரியா எந்திரிச்சா.

"ஐயா, மழை..."ன்னு ஆரம்பிச்சுட்டா. நான் கண்ணாடியில கை வச்சாச்சு. அந்நேரம் பாத்துச் சத்துணவுக் கூடத்துப் பக்கமிருந்து ஒரு கோழி. மேடைக்கு முன்னால, யாரையும் மதிக்காம, குறுக்கே நடந்து போகுது. இவ அதைப் பாக்குறா. மழையை அப்படியே விட்டுட்டா. "ஐயா, கோழி நடக்கும்போது ஏன் தலையை ஆட்டி ஆட்டி நடக்குது? வாத்து ஆட்டலையே?"

நிபுணருங்க மூணு பேரும் ஃபைலைப் புரட்டுறாங்க, ஃபைல்ல எங்க இருக்கு? இருந்தா நான்தான எழுதியிருக்கணும்? அப்போதான் பெரிய அதிகாரி செல்போனைக் கீழ வச்சாரு. வந்ததுல இருந்து முதல் தடவையா நிமிர்ந்து பாத்தாரு. "அட, ஆமா. ஏன்?"ன்னாரு.

பல் டாக்டர் முந்திக்கிட்டாரு. "கோழிக்குப் பல் கிடையாதுங்க. அதனால இது என் துறை இல்லைங்க"ன்னாரு. இஞ்சினியர், "இது பேலன்ஸ் சமாச்சாரம். கை இல்லைல்ல, நாம கைய வீசுற மாதிரி அது தலையை வீசுது"ன்னாரு. பேராசிரியருக்குக் கோபம் வந்துருச்சு. "என்ன சார் பேசுறீங்க? றெக்கை இருக்கே, அதை வீசக் கூடாதா?"ன்னு கேட்டாரு. "நீங்க நடந்து காட்டுங்க, தெரியும்"னாரு இவரு. அவரும் எந்திரிச்சு நடந்தாரும்மா! காலேஜ் பேராசிரியர், கோட்டு போட்ட மனுசன், கையை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு, கழுத்தை முன்னும் பின்னும் வெட்டி வெட்டி மேடை முழுக்க நடக்குறாரு. இஞ்சினியர், "கழுத்து சரி, காலு தப்பு"ன்னு பின்னாலயே போறாரு. பல் டாக்டர் எதுக்குப் போனாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவரு துறையே இல்லைன்னவரு.

அதாவது பரவாயில்ல. பெரிய அதிகாரி எந்திரிச்சாரு. "மூணு பேரும் தப்பு. நான் சின்ன வயசுல கோழி வளத்தவன். அது பின்னால இழுக்காது. முன்னாலதான் தள்ளும். இப்படி"ன்னு சொல்லிட்டு... என்னத்தைச் சொல்ல. அவரு உடம்பு கொஞ்சம் பெரிய உடம்பு. தொப்பைக்கு மேல மாலை ஆடுது. கழுத்தைத் தள்ளித் தள்ளி மூணு பேருக்கும் முன்னால நடக்குறாரு. புள்ளைங்க நானூறு பேரும் எந்திரிச்சு நின்னு கூத்தடிக்குதுங்க. நான் கண்ணாடியைக் கழட்டவே இல்ல, அப்படித் தட்டுதுங்க.

ஆனா ஒண்ணு. அவரு மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். மெமோ அனுப்புற மூஞ்சியே இல்ல அது.

நாலு பேரும் வட்டமா நடந்துக்கிட்டு இருக்கையில மாட்டு டாக்டர் வந்து சேந்தாரு. முழங்கை வரைக்கும் நனைஞ்சு, கன்னு நல்லபடியா பொறந்த சந்தோஷத்துல வந்தாரு. விஷயத்தைக் கேட்டாரு. "இதுக்கு எதுக்குங்க நீங்க நடக்குறீங்க? கோழி இருக்கு, பிடிச்சுக் காட்டுறேன்"னு பாஞ்சாரு. கோழி நிக்குமா? அது மேடைக்கு அடியில ஓட, அவரு பின்னால ஓட, புள்ளைங்க ஓட, எவனோ சாமியானா கயித்துல காலைக் குடுத்துட்டான். மொத்தப் பந்தலும் மேடையில இருந்தவங்க தலை மேல பொத்துனு இறங்கிருச்சு.

கேளுங்க இதை. பந்தலுக்கு அடியில இருந்துக்கிட்டு மாட்டு டாக்டர் விளக்கம் சொல்றாரு! துணிக்குள்ள ஒரு மேடு அசையுது, "அதாவதுங்க ஐயா, கோழியோட கண்ணு இருக்கே"ன்னு சத்தம் வருது. பக்கத்து மேட்டுல இருந்து அதிகாரி குரல், "ம், கண்ணுக்கு என்ன? அப்புறம்?"ங்குது. அப்புறம் என்னங்குறது புள்ளைங்க கூச்சல்ல யாருக்கும் கேக்கல. தூக்கிவிட்டோம். அதிகாரி சட்டையைத் தட்டிக்கிட்டுக் கார் ஏறிட்டாரு. சாயங்காலத்துக்குள்ள வீடியோ ஊரெல்லாம் சுத்தியாச்சு. மறுநாள் மெமோ. 'மாணவியைக் கட்டுப்படுத்தத் தவறியது ஏன்?'

இப்போ சொல்லுங்க. தப்பு யாரு மேல? அந்தப் பொண்ணு மழையைக் கேட்டிருந்தா இது நடந்திருக்குமா?

நான் நடவடிக்கை எடுத்துட்டேன். மன்றத் தலைவி பதவியில இருந்து அவளைத் தூக்கியாச்சு. இனிமே மன்றத்துப் பக்கமே வரக் கூடாதுன்னுட்டேன். இந்தக் கவர்ல அதைத்தான் எழுதியிருக்கேன். நல்லா எழுதியிருக்கேன், கேளுங்க. 'இனிவரும் காலங்களில் எமது பள்ளி மாணவ மாணவியர் எவ்விதக் கேள்வியும் கேட்கமாட்டார்கள் எனப் பணிவுடன் உறுதியளிக்கிறேன்.' எப்படி? பணிவுடன்னு போட்டதுதான் முக்கியம்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? கோழியும் பாக்குது, நீங்களும் பாக்குறீங்க.

நான் ஒண்ணும் கேள்விக்கு விரோதி இல்லைங்க. அந்தப் பொண்ணு பதவி போன மறுநாளும் என் ரூமுக்கு வந்தா. "டீச்சர், நிகழ்ச்சி முடிஞ்சதும் தனியா வந்து கேளுன்னீங்கள்ல?"ன்னா. வாயை மூடிக்கிட்டுக் கிளாஸுக்குப் போன்னேன். "இல்ல டீச்சர், நானே மாட்டாஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டேன். நீங்க ஒரு கோழியைக் கையில பிடிச்சு இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்க, உங்களுக்கே தெரியும்"னா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு... கத்திட்டேன். போயிட்டா. அதுல இருந்து வாயே திறக்கிறதில்ல. கடைசி பெஞ்சுல உக்காந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கா. கிளாஸு அவ்வளவு அமைதி. ஊசி விழுந்தா கேக்கும். முப்பது வருஷமா இந்த அமைதிக்குத்தான் நான் தவம் கிடந்தேன். இப்போ கிடைச்சிருக்கு. கிடைச்சும் ஏன் எனக்கு மதியச் சாப்பாடு இறங்க மாட்டேங்குதுன்னுதான் புரியல. வாயுவா இருக்கும்.

ஐயோ! ஏய் டிரைவரு, பாத்து ஓட்டுய்யா! ஆடு குறுக்க வந்தா இப்படியா பிரேக்கு போடுறது? அம்மா, உங்க பை! கோழி! ஐயோ என் மடியில வந்து விழுந்துருச்சே, எடுங்க, எடுங்க இதை! பறக்குது, பறக்குது! பிடிச்சுட்டேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டேன். சும்மா கிட சனியனே. வாங்கிக்குங்கம்மா, சீக்கிரம்.

இருங்க.

இருங்க இருங்க. வாங்காதீங்க. இங்க பாருங்களேன்.

பஸ்ஸு குலுங்குது. என் கை குலுங்குது, இது உடம்பும் குலுங்குது. தலையைப் பாருங்க. தலை மட்டும் ஆணி அடிச்ச மாதிரி அப்படியே நிக்குது! இந்தா, இடது பக்கம் கொண்டுபோறேன். உடம்பு போகுது, தலை வரல. வலது பக்கம்... பாத்தீங்களா? கீழ இறக்குறேன், கழுத்து நீளுது. தலை அங்கயே இருக்கு! ஏய் கண்டக்டர் தம்பி, டிக்கெட்டு அப்புறம் குடுக்கலாம், இங்க வந்து பாருப்பா!

அட ஆமா, மாட்டு டாக்டர் கண்ணுன்னாரே! அது தலையை ஆட்டவே இல்லைங்க. தலையை ஒரு இடத்துல நிறுத்தி வச்சுக்கிட்டு நிதானமா பாக்குது. உடம்பு நடந்து கிட்ட வந்து சேந்ததும் தலையை எடுத்து அடுத்த இடத்துல வைக்குது. மறுபடி நிறுத்திப் பாக்குது. நாமதான் அதை ஆட்டுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறோம். அதிகாரி சொன்னது பாதி சரி! முன்னாலதான் தள்ளும்னாரே!

என்னம்மா? ஸ்டாப்பா? எந்த ஸ்டாப்பு? போயிருச்சா? எப்போ போச்சு? சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னீங்களா... ரெண்டு தடவையா?

ஐயோ, என் கவரு. கோழி கவர் மேல... கடவுளே. வாசிச்சுட்டு உள்ள வைக்காம விட்டேன், சரியா 'பணிவுடன்'ல போய் எச்சம் போட்டிருக்கே. வழிச்சாலும் போகாது இது. மேசையில வைக்கவா முடியும்? ஒரு மனுசி நாலு நாள் உக்காந்து எழுதினது.

பாத்தீங்களா அந்தப் பொண்ணை? இங்க இல்லாமலே என்னை என்ன பாடு படுத்துறா பாத்தீங்களா? நேரா பள்ளிக்கூடத்துக்குப் போய் அவளை நல்லா நாலு கேக்கணும். இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் எனக்குப் புரியுற மாதிரி சொல்லலைன்னு கேக்கணும். சொல்லத்தான் வந்தா. நான்தான்... சரி விடுங்க. மன்றத்துல அவளை மறுபடி உக்கார வச்சுட்டுத்தான் மறுவேலை. தலைவி இல்லாம அது என்ன மன்றம்? ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருக்கும்மா அந்தப் புள்ளை. என்னால பாக்கவே முடியல.

ஆனா முதல்ல அதிகாரி. அவரும்தான கேட்டாரு? பந்தலுக்கு அடியில கிடந்துக்கிட்டு "அப்புறம்?"னு கேட்ட மனுசன். இன்னும் அவருக்குத் தெரியாமத்தான் இருக்கும், பாவம். வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டாரு. அம்மா, உங்களுக்கு அவசரமா? அடுத்த ஸ்டாப்புல இறங்கினா திரும்பி நடந்துரலாம், கூப்பிடு தூரம்தான். மாப்பிள்ளை ஒரு நாளைக்குச் சாம்பார் சாப்பிட்டா கோவிச்சுக்குவாரா? கோழியைத் திருப்பிக் குடுத்துருவேன், சத்தியமா. இல்லைன்னா நீங்களும் கூட வாங்க. கோழிக்காரங்கன்னு சொல்ல மாட்டேன், நிபுணர்னு சொல்றேன்.

விருதா? கிடக்குது அது. மயில் கழுத்துச் சேலையை ஏதாச்சும் கல்யாணத்துக்குக் கட்டிக்குவேன்.

ஆனா இதைக் கொண்டுபோய்ச் சொன்னா பேச்சிப்பிரியா சும்மா இருப்பாளா? அவளைப் பத்தித் தெரியாது உங்களுக்கு. உடனே அடுத்ததைக் கேப்பா. "பாக்குறதுக்குத்தான் தலையை நிறுத்துதுன்னா, கண்ணை மூடிட்டா தலை ஆடுமா டீச்சர்?"ன்னு கேப்பா. கண்டிப்பா கேப்பா. நான் என்ன பதில் சொல்றது?

ஏம்மா, ஆடுமா?

இந்தாங்க, நான் உடம்பைக் கெட்டியா பிடிச்சுக்கிறேன். நீங்க உங்க முந்தானையை எடுத்து மெதுவா அது கண்ணை மூடுங்க. மூக்கை மூடிறாதீங்க. அப்படித்தான். கண்டக்டர் தம்பி, விசில் அடிக்காதப்பா, பஸ்ஸை நிறுத்திறாத. ஓடட்டும், குலுங்கினாத்தான தெரியும்?